இரண்டு அங்குல மடிப்பு

மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு காலையில், முந்தின நாள் வாங்கிப் போன புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டே பெரிய சிஸ்டர் தையற்கடைக்குள் வந்தார். மருத்துவமனை நர்ஸுகளுக்கெல்லாம் மூத்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவருக்குப் பின்னால் வண்டிக்காரர் ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனார். சிஸ்டர் குடையை வாசலில் சாய்த்தார். வெட்டுமேசைக்கு முன்னால் நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

“மாஸ்டர், இது கோட்டா, சட்டையா?”

மாஸ்டர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். மருத்துவமனைக் கோட்டு முழங்காலுக்கு நாலு விரல் கீழே இறங்க வேண்டும் என்பது அங்கே விதி. இந்தக் கோட்டு முழங்காலைத் தாண்டத் தயங்கிக்கொண்டு நின்றது.

“எனக்கு மட்டும்னா சரி, வயசான காலத்துல ஃபேஷன் வந்துடுச்சுன்னு போட்டுட்டுத் திரிவேன். இருபத்தாறும் இப்படித்தான் இருக்கு. பிள்ளைங்க குனியவே பயப்படுதுங்க. ஒருத்தி மண்டி போட்டு ஊசி போட்டாளாம். நோயாளி பயந்துட்டார், ஏதோ கடைசி ஜெபம்னு.”

“இருக்காது சிஸ்டர்.”

“இருக்கு மாஸ்டர். மூட்டையைப் பிரிங்க.”

மாஸ்டர் பிரித்தார். ஒரு கோட்டை மேசையில் விரித்து அளந்தார். நாற்பது இஞ்ச் இருக்க வேண்டியது முப்பத்தெட்டு. இன்னொன்றை எடுத்தார். அதிலும் இரண்டு குறைவு. தையற்காரர்கள் தங்கள் கையைச் சந்தேகிப்பதற்கு முன்னால் டேப்பைத்தான் சந்தேகிப்பார்கள். அவர் டேப்பை இரும்பு ஸ்கேலின் மேல் நீட்டிப் பார்த்தார். இம்மி பிசகவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து பிரிக்காத புது டேப்பை எடுத்து அதையும் வைத்துப் பார்த்தார். அதுவும் சரி.

“ஆனைக்கும் அடி சறுக்கும் மாஸ்டர்” என்றார் சிஸ்டர், குரலைக் கொஞ்சம் இறக்கி. மாஸ்டரின் முகம் போன போக்கு அவருக்கே கஷ்டமாக இருந்தது.

முப்பத்தைந்து வருடமாகக் கத்தரி பிடித்த கை. ஒரு கோட்டில் தவறினால் தூக்கக் கலக்கம் என்று சொல்லலாம். இருபத்தாறில் தவறினால், இனி அந்தக் கையை நம்பி யார் துணி கொடுப்பார்கள்? மாஸ்டர் சாக்கட்டியை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது. மாஸ்டரின் மனைவி ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி வந்து நிலைப்படியில் நின்றாள். பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் தெருவே அவளைக் காஜாக்கா என்றுதான் கூப்பிடும். ஐம்பத்தாறு வயது.

“அவர் கை சறுக்கலை சிஸ்டர். நான்தான் ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சு அடிச்சேன். இருபத்தாறையும்.”

“யாரு மடிக்கச் சொன்னா?” என்றார் மாஸ்டர்.

“யாரும் சொல்லலை.”

“பின்னே?”

காஜாக்கா தரையைப் பார்த்தாள். “சிஸ்டர் போனப்புறம் சொல்றேனே.”

“நான் முழங்கால் தெரிய நிக்கிறேன்மா. என் முன்னாடி இனிமே என்ன ஒளிவு மறைவு” என்றார் சிஸ்டர்.

அதற்கு மேல் அவளால் மறைக்க முடியவில்லை. ஒவ்வொரு குளிர்காலம் தொடங்கும்போதும் மாஸ்டர் அவளுக்கு ஒரு நீள கவுன் தைத்துக் கொடுப்பார். கல்யாணமான புதிதில் எடுத்த அளவு அவருக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு அளந்ததே இல்லை. உடம்பு பருத்தால் பக்கவாட்டில் கண்ணாலேயே பார்த்துத் துணியைக் கூட்டி விடுவார். நீளம் மட்டும் மாறாது. அப்படித்தான் அஞ்சு வருடத்துக்கு முன்னால் வந்த கவுன் தரையைத் தொட்டது. அரை இஞ்ச் மடித்து அடித்துக்கொண்டாள். அடுத்த வருடம் ஒரு இஞ்ச். போன வருடம் இரண்டு.

“உங்க கண்ணு மங்கிடுச்சுன்னு நினைச்சேங்க. வெட்டு நீளமாப் போகுதுன்னு. சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடுவீங்க. எனக்குத் தைக்கிறதுதானே, நாலு தையல்ல சரியாயிடும்னு விட்டுட்டேன்.”

“சரி. இந்தக் கோட்டு?”

“நானும் சிஸ்டரும் ஒரே உயரம். இருபது வருஷமா அவங்க துணியை நான்தான் போட்டுப் பாக்குறேன். இந்தக் கோட்டைப் போட்டா, முழங்காலுக்கு ஆறு விரல் கீழ தொங்குது. ஐயோ, கடைத் துணியிலயும் ஆரம்பிச்சிடுச்சேன்னு ஆயிடுச்சு. எல்லாம் ஒரே நாள்ல வெட்டினது. உங்க பேரு கெடக்கூடாதுன்னு…”

மாஸ்டர் அவளையே பார்த்தார். “அஞ்சு வருஷமா என் கை நீளம்னு நினைச்சுக்கிட்டே என்கூடக் குடும்பம் நடத்தியிருக்கே.”

“வெளியில போய் அப்படிச் சொல்லி வைக்காதே தம்பி. கை நீளம்னா ஊருல வேற அர்த்தம்” என்று சமையற்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அது மாஸ்டரின் அக்கா. கணவர் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். அறுபத்தெட்டு வயதிலும் நட்டு வைத்த கம்பம் மாதிரி நிமிர்ந்திருப்பார்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. அவர் பார்வை சுவரில் இருந்த ஆளுயரக் கண்ணாடியில் இருந்தது.

“காஜாக்கா, செருப்பைக் கழட்டிட்டு என் பக்கத்துல வந்து நில்லுங்க.”

இருவரும் கண்ணாடி முன் நின்றார்கள். ஒரே உயரக்காரர்கள் என்று இருபது வருடமாகச் சொல்லிவந்த இருவரில் ஒருவரின் தோள் மற்றவரின் தோளுக்குக் கீழே இருந்தது.

“நேரா நில்லுங்க.”

“நேராத்தான் நிக்கிறேன்.”

சிஸ்டர் அவளைச் சுவரோடு சுவராக நிற்க வைத்தார். குதிகாலும் முதுகும் ஒட்டின. தலை ஒட்டவில்லை. பின்னந்தலைக்கும் சுவருக்கும் நடுவில் சிஸ்டரின் நாலு விரல் தாராளமாகப் போய் வந்தது.

“மாஸ்டர், டேப்பை எடுங்க. இவங்களை அளந்து எவ்வளவு நாளாச்சு?”

“முப்பத்தொரு வருஷம்.”

அவர் அளந்தார். பிடரியிலிருந்து பாதம் வரை. எண்ணைச் சொல்லாமல் மறுபடியும் அளந்தார். பிறகு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ரெண்டு குறையுது” என்றார்.

“துணி நீளமாகலை மாஸ்டர். ஆளு குட்டையாயிட்டாங்க.”

நல்ல வேளையாகக் காஜாக்கா துணியை வெட்டியிருக்கவில்லை, மடித்துத்தான் அடித்திருந்தாள். தையலைப் பிரித்துவிட்டால் கோட்டு பழையபடி இறங்கிவிடும். மாலைக்குள் தேவை என்பதால் நாலு பேரும் பிரிக்க உட்கார்ந்தார்கள். சிஸ்டர் அன்றைக்கு விடுப்பில் இருந்தார், கிளம்பியிருக்கலாம். ஒரு பிளேடைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவரும் உட்கார்ந்தார். உலகத்தில் பெரிய உதவிகளெல்லாம் இப்படி, போகிற போக்கில் ஒருவர் உட்கார்ந்துவிடுவதில்தான் தொடங்குகின்றன.

“கீழே குனியாதீங்க. துணியை மேசையில வச்சுக்கிட்டுப் பிரிங்க” என்றார் சிஸ்டர். “முதுகு வலி எப்போலேர்ந்து?”

“வலின்னு பெருசா இல்லை. மூணு வருஷம் முன்னாடி அடித்தட்டுலேர்ந்து துணிக்கட்டை இழுத்தேன். முதுகுல சுருக்குன்னு ஒண்ணு. சுளுக்குன்னு தைலம் தேய்ச்சேன். ஒரு மாசம் படுக்க முடியலை. அப்புறம் போயிடுச்சு.”

“போயிருக்காது, பழகியிருக்கும். மாசக் குளியல் எப்ப நின்னுது?”

மாஸ்டர் சட்டென்று எழுந்து டீ வாங்கி வரப் போனார்.

“நாப்பத்திரண்டுல” என்றாள் காஜாக்கா மெல்ல. “தொல்லை விட்டுதுன்னு சந்தோஷப்பட்டேன்.”

“சீக்கிரம் நின்னவங்களுக்கு எலும்பும் சீக்கிரம் தேயும். அம்மா?”

“கூன் விழுந்துதான் போய்ச் சேர்ந்தாங்க. எனக்கும் வயசானா விழும்னு தெரியும்.”

“வயசானா நரைக்கும். கூன் விழுறது வேற. வெளிய எப்போ போவீங்க?”

காஜாக்கா யோசித்தாள். கடையும் வீடும் ஒன்றுதான். சந்துக்குள் இருக்கும் முன்னறை, இருபுறமும் உயரக் கட்டடங்கள், பகலிலும் டியூப் லைட். வெயில் என்றால் மொட்டை மாடிக்கு ஏறவேண்டும். மாடியில் துணி காயப்போடுவது அக்கா. மார்க்கெட்டுக்குப் போவது அக்கா. தைத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அக்கா.

“அண்ணி என்னை ஒரு வேலைக்கும் விடமாட்டாங்க சிஸ்டர். மிஷின்ல உக்காந்து களைச்சுப் போயிருக்கே, நீ இருன்னு சொல்லிடுவாங்க. அப்படி ஒரு நாத்தனார் யாருக்குக் கிடைக்கும்?”

“சாப்பாடு?”

“டீதான். பால் விட்டா குமட்டிக்கிட்டு வரும். கட்டன் டீ, ஒரு நாளைக்கு ஏழெட்டு.”

பிளேடு வைத்திருந்த அக்காவின் கை நின்றுவிட்டிருந்தது. அவர் தன் கைகளையே பார்த்தார். பதினோரு வருடமாகப் பை தூக்கிய கைகள், மாடி ஏறிய கால்கள்.

“அவ வெயிலை நான்ல சாப்பிட்டிருக்கேன்” என்றார்.

மறுநாள் மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் மேசையில் படுக்க வைத்து, மேலே ஒரு கருவி மெதுவாக நகர்ந்து போனது. வலிக்கவே இல்லை, துணிக்கு அயர்ன் போடுவதுபோல இருந்தது என்று பிறகு சொன்னாள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் காட்டினார். அடுக்கி வைத்த நூல்கண்டுகள் போல முதுகெலும்பு. அவற்றில் இரண்டு, மேலே யாரோ உட்கார்ந்ததுபோல நசுங்கியிருந்தன.

“இது ரெண்டும் எலும்பு முறிவு” என்றார்.

“நான் எங்கயும் விழலையே டாக்டர்.”

“விழ வேண்டியதில்லைம்மா. எலும்பு உள்ளுக்குள்ள சல்லடை ஆயிட்டா குனிஞ்சு ஒரு பாரம் இழுத்தாப் போதும், சில பேருக்கு இருமினாலே போதும். போன உயரம் திரும்பி வராது. ஆனா மூணாவது நசுங்காமப் பாத்துக்கலாம். முக்கியமா விழக்கூடாது. இடுப்பு எலும்பு போச்சுன்னா எழுந்து நடக்குறது பெரும்பாடு.”

கடைசி வாக்கியம் மாஸ்டரின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அவளுடைய மிஷினை மூடி உறை போட்டார். கட்டிலை வாசல் பக்கம் இழுத்துப்போட்டு, “நீ இதைவிட்டு இறங்கக்கூடாது” என்றார். அக்காவும் சேர்ந்துகொண்டார். தண்ணீர் கட்டிலுக்கு வந்தது, சாப்பாடு வந்தது, தலை வாரும் சீப்பும் வந்தது. காஜாக்கா மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் அழுதாள்.

“என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வச்சிருக்கீங்க. இப்படியே அலமாரியில தூக்கி வச்சிடுங்க.”

“உன் நல்லதுக்குத்தான்.”

“நான் உங்க நல்லதுக்குன்னு மடிச்சேன். என்ன ஆச்சு?”

அன்று சாயங்காலம் சிஸ்டர் வந்தார். இப்போது கோட்டு விதிப்படி இறங்கியிருந்தது. கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் இருந்தவளைப் பார்த்தார்.

“யார் செஞ்ச வேலை இது?”

அக்கா தம்பியைக் காட்டினார். தம்பி அக்காவைக் காட்டினார்.

“படுக்கப் போட்டா எலும்பு இன்னும் கரையும் மாஸ்டர். எலும்பு சோம்பேறிப் பய மாதிரி. வேலை கொடுத்தாத்தான் உடம்புல தங்கும், வேலை இல்லைன்னா கிளம்பிடும். இவங்க நடக்கணும், படி ஏறணும், நிக்கணும். குனிஞ்சு தூக்குறதும் முதுகை முறுக்குறதும் மட்டும்தான் கூடாது.” பிறகு அக்காவிடம் திரும்பினார். “பெரியக்கா, நீங்க இவங்களுக்கு ஒரு உதவி பண்ணனும்.”

“சொல்லுங்க சிஸ்டர். உயிரைக் கேட்டாலும்.”

“உயிரு வேணாம். மார்க்கெட் பையைக் கொடுத்துடுங்க.”

அக்காவுக்கு அது உயிரைக் கொடுப்பதைவிடக் கஷ்டமாகத்தான் இருந்தது. தம்பி வீட்டில் சும்மா சாப்பிடுகிறோம் என்ற எண்ணம் வராமல் இருக்க அவர் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பையைத்தான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் அதை ஆணியிலிருந்து எடுத்து, உதறி, காஜாக்காவின் கையில் கொடுத்தார்.

“கத்திரிக்காய்க்காரன் உன்னை ஏமாத்துவான். அமுக்கிப் பாரு.”

“நீங்களும் வாங்களேன் அண்ணி.”

“வரலாமா?”

“பாதியை நீங்க தூக்குங்க. எனக்கும் பாதி வேணும்ல.”

அப்படித்தான் அந்த வீட்டின் வழக்கம் மாறியது. சந்தின் முனையில் வெயில் விழும் இடமாகப் பார்த்து நாத்தனாரும் அவளும் பேசிக்கொண்டே நடப்பார்கள். மூட்டைகளை இரண்டு சின்னப் பைகளாகப் பிரித்து இரண்டு கையிலும் சமமாகத் தூக்கினாள். எடுக்கும்போது முழங்காலை மடக்கி இறங்கினாள். தினமும் கீரை, தயிர், ராத்திரி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளர் பால். முள்ளோடு மெல்லக்கூடிய சின்ன மீன் வாரத்தில் இரண்டு நாள். கட்டன் டீ இரண்டாகக் குறைந்தது. மூன்றாவது கேட்டால் அக்காவுக்குக் காது கேட்காமல் போய்விடும். வெயிலில் ஒரு நடை போகலாம் என்றால் மட்டும் நன்றாகக் கேட்கும்.

செவ்வாய்க்கிழமைகளில் மாத்திரை. வாரத்துக்கு ஒன்று, வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். அந்த அரை மணிக்கு மாஸ்டர் காவல்.

“பெஞ்சு மேல நிக்க வச்ச மாதிரி இருக்கு” என்பாள்.

“இன்னும் பதினோரு நிமிஷம்.”

“நீங்களும் கூட நிக்கணும்னு டாக்டர் சொன்னாரா?”

“நான் சும்மா நிக்கிறேன்.”

நின்ற நேரத்தை வீணாக்காமல், அயர்ன் மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவாள். சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது. மாஸ்டரும் எதிரில் நின்று செய்வார். பார்ப்பவர்களுக்கு இரண்டு பேரும் சுவருக்கு அப்பால் எதையோ எட்டிப் பார்ப்பது போல இருக்கும்.

கடைத் தரைதான் பெரிய வேலை வாங்கியது. தையற்கடையில் நூலும் துண்டுத் துணியும் காலைச் சுற்றும். இத்தனை வருடம் நாள் முடிவில்தான் பெருக்கினார்கள். மாஸ்டர் மேசைக்கு இருபக்கமும் கூடை மாட்டினார். வெட்டிய துண்டு தரையில் விழுந்தால் அவரே தன்னைத் திட்டிக்கொண்டு எடுத்தார். உள்ளறைப் படிக்குக் கைப்பிடி வைத்தார். வாசல் கால்மிதி வழுக்கும் என்று தூக்கிப் போட்டார். மிஷின் நாற்காலியை உயர்த்தி, முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்திருக்கச் சொல்லி ஒரு சமையலறைக் கடிகாரத்தை மிஷின் மேல் வைத்தார். அது மணி அடித்தால் வாடிக்கையாளர்கள் “என்ன வெந்துடுச்சு?” என்று கேட்பார்கள்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன் மறுபடியும் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாஸ்டர் நாற்காலி நுனியில் இருந்தார். அக்கா வெளியில் பெஞ்சில் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார்.

“புதுசா எதுவும் நசுங்கலை. இடுப்பெலும்பு கொஞ்சம் தேறியிருக்கு. கொஞ்சம்தான். ஆனா இந்த வயசுல கொஞ்சங்கிறதே பெருசு” என்றார்.

காஜாக்கா வெளியே வந்து வார்டு வார்டாகத் தேடி, மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க அன்னைக்கு மூட்டையை வண்டிக்காரர்கிட்ட கொடுத்து அனுப்பியிருந்தா?”

“அனுப்பத்தான் இருந்தேன். கோவம் நேர்லயே வரச் சொல்லிடுச்சு.”

“அந்தக் கோவத்துக்குக் கடவுளுக்குத் தினமும் நன்றி சொல்றேன் சிஸ்டர்.”

“எனக்கும் சேர்த்துச் சொல்லுங்க. நானும் அதுக்கப்புறம்தான் போய்ப் படம் எடுத்தேன். ஊருக்கெல்லாம் சொல்றவ, எனக்குன்னு பாத்ததே இல்லை.”

அதற்குப் பின் காஜாக்காவிடம் ஒரு பழக்கம் வந்தது. பெண்களுக்கு அளவெடுப்பது எப்போதும் அவள்தான். இப்போது அளந்ததும் அந்த எண்ணைப் பழைய நோட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விடுவதில்லை. பெரும்பாலும் அகலம்தான் கூடியிருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

ஒரு நாள் பாட்டு டீச்சர் வந்தார். அறுபது தாண்டியவர், தனியாக இருப்பவர், கழுத்தை நிமிர்த்திக்கொண்டே பேசுகிறவர். காஜாக்கா தோளிலிருந்து கணுக்கால் வரை டேப்பை இறக்கினாள். நோட்டைப் புரட்டினாள். மறுபடியும் இறக்கினாள்.

“என்ன, டேப் பத்தலையா?”

“டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நாலு வருஷத்துல ஒண்ணரை இஞ்ச் குறையுது.”

“நான் குட்டையாயிட்டேன்னு சொல்றியா? எனக்கு முப்பது வருஷமா தைக்கிறவ, ஒழுங்கா அளந்து பழகு.”

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டார். மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். ஒரு நல்ல வாடிக்கை வாசலைப் பார்த்துத் திரும்புவது அவருக்குத் தெரிந்தது. ஆனால் குறுக்கே பேசவில்லை.

“நான் ரெண்டு இஞ்ச் டீச்சர்” என்றாள் காஜாக்கா. “உங்களைவிட அரை இஞ்ச் கூட. எனக்குத் தெரியவே தெரியாது. இவர் தப்பா வெட்டுறார்னு அஞ்சு வருஷம் இவரைச் சந்தேகப்பட்டேன்.”

டீச்சர் நின்றார். மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஆமாம் என்று தலையாட்டினார்.

“முதுகு வலிக்குதா டீச்சர்?”

டீச்சர் கைப்பையை மறு கைக்கு மாற்றினார். “ஆர்மோனியப் பெட்டியைத் தூக்க முடியலை” என்றார். “யார்கிட்ட சொல்றது? வீட்டுல சுவர்தான் இருக்கு.”

“சிஸ்டர் இன்னைக்குப் பகல் டூட்டி. இப்பவே போயிடலாம்.”

“உனக்கு வேலை கிடக்கே.”

“கிடக்கட்டும். அண்ணி பாத்துப்பாங்க.”

இந்த ஒரு வருடத்தில் மிஷின் பழகியிருந்த அக்கா அதற்குள் அதில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். காஜாக்கா செருப்பை மாட்டிக்கொண்டு டீச்சரின் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். வெளியே காலை மழை விட்டிருந்தது. அவள் முதலில் இறங்கி, திரும்பி நின்று, கையை நீட்டினாள்.

“பாத்து டீச்சர். படி ஈரமா இருக்கு. என்னைப் பிடிச்சுக்குங்க.”